வடக்குக் கிணற்றுக்கு உப்பு வந்த விதம்

சாமி,

நீ எழுதியிருக்கும் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில், என் பேரையும் போட்டிருப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். "பெரிய பெரிய புரொபசருங்க பேருக்குப் பக்கத்துல உங்க பேரும் வருதும்மா. கெணத்தப் பத்தித் தகவல் சொன்னது எங்கம்மான்னு போட்டுருக்கேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை. அடுத்த மாதம் நீ விமானம் ஏறுகிறாய், அதற்குள் கட்டுரையை அனுப்பிவிட வேண்டும் என்றாய். அனுப்பாதே. இதை முழுக்கப் படி. படித்துவிட்டு உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுது, நீ எனக்குச் சமாதானம் சொல்லும்படி செய்துவிடுவேன். எழுதும்போது அந்த இரண்டு வழியும் அடைபட்டுப் போகின்றன.

சித்திரையில் நீ வந்திருந்தாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தோட்டத்தின் வடக்கு மூலைக்கு நடந்துபோன நீ, அங்கிருக்கும் பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி ஓடிவந்தாய். பாறைச் சுவரெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது, அடியில் முழங்கால் அளவுக்குக் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது என்றாய். கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, சேற்றையும் தண்ணீரையும் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்தாய். நான் மேலே நின்றுகொண்டு, "அதுல ஒண்ணுமே இருக்காது சாமி, ஒரு தவளைகூட நிக்காது" என்றேன். "தவளை நிக்காதும்மா. நான் தேடறது நிக்கும்" என்றாய். உப்பில் வாழும் பூஞ்சைகளைத்தான் நீ நாலு வருடமாகப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடி உப்பளத்துக்கும் வேதாரண்யத்துக்கும் அலைந்து கறுத்துப்போய் வருவாய். ஆனால் ஊறுகாயில் படர்கிற பூஞ்சணம் போல ஏதோ ஒன்று என்பதற்கு மேல் நான் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். நீயும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாய். மற்ற உயிர்களை உப்புத் தண்ணீரில் போட்டால், உப்பு அவற்றின் உடம்பிலிருக்கும் நீரையெல்லாம் வெளியே இழுத்துச் சுருங்க வைத்துவிடும். இது மட்டும் தனக்குள்ளேயே கிளிசரின் மாதிரி ஒன்றை உண்டாக்கி நிரப்பிக்கொள்ளும், அதனால் அதன் நீர் அதனிடமே நிற்கும் என்றாய். "அப்படியாப்பட்ட உப்பும்மா அந்தக் கெணத்துல. அதுக்கு முன்னாடி கடல் தண்ணியெல்லாம் நல்ல தண்ணி" என்றாய். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "ஏம்மா, அந்தக் கெணறு எப்பருந்து உப்பு?" நான் உன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "உங்க தாத்தா காலத்துலருந்தே அது உப்புக் கெணறுதான் கண்ணு" என்றேன்.  பதினைந்து வருடமாக வேறு வேறு விதமாகச் சொல்லிப் பழகிய பொய், அது பாட்டுக்கு வாயிலிருந்து வந்தது. நீ இடது கையால் போனை எடுத்து அதை அப்படியே பதிந்துகொண்டாய்.

அதற்கப்புறம் ஆடியில் ஒரு நாள் கூப்பிட்டு, கிணற்றுச் சேற்றிலிருந்து கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஒன்று வளர்ந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பினாய். மெதுவாகத்தான் வளர்கிறதாம். உப்பில்லாத தட்டில் வைத்தால் வளரவே மாட்டேன் என்கிறதாம். கடலே இல்லாத ஊரில் இது எத்தனையோ காலமாகத் தனியாக இருந்திருக்க வேண்டும் என்றாய். ஆனால் ஒன்று மட்டும் உனக்குப் புரியவில்லை. "தூத்துக்குடி உப்பளத்துல எடுத்ததும் நம்ம கெணத்துல எடுத்ததும் கூடப் பொறந்த மாதிரி இருக்குதும்மா. இத்தன தூரம் தள்ளி, இத்தன காலம் தனியா இருந்தா வேற மாதிரி ஆயிருக்கோணும். ராத்தூக்கம் இல்லீங்கம்மா எனக்கு" என்றாய். நீ அதை விசாரித்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாய். எனக்கு அந்த நிமிடமே பதில் தெரிந்துவிட்டது. அந்த உப்பு தூத்துக்குடியிலிருந்து சாக்குச் சாக்காக வந்தது. அதை லாரியிலிருந்து இறக்கி எண்ணி வாங்கினவளே நான்தான்.

உன் அப்பா நெஞ்சுவலியில் போனபோது உனக்குப் பதினொரு வயது. மறு வருடமே உன்னை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். நீ அழவில்லை. டிரங்குப் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது எனக்கு யாருக்குச் சோறு ஆக்குவது என்று தெரியவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். சின்னம்மா இல்லையென்றால் அந்த வருடத்தை நான் கடந்திருக்க மாட்டேன். தினமும் சாயந்தரம் வேலியோரம் வந்து, "அக்கா, என்ன கொழம்பு?" என்று கேட்பாள். நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கையில் கிண்ணத்தோடுதான் வருவாள்.

அப்புறம் எனக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. ஜலகண்டாபுரம் ரோட்டில் இருந்த பட்டறை. இப்போது அங்கே வேறென்னமோ இருக்கிறது. நூலுக்குச் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும். அதைப் பார்த்து வாங்குவதும், எந்தத் தொட்டிக்கு எவ்வளவு போயிற்று என்று குறிப்பதும் என் வேலை. உனக்காகத்தான் வேலைக்குப் போனேன் என்று உன்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அங்கே முப்பது பேர் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். சாயம் சரியாக ஏறவில்லையென்றால் என்னிடம் வந்து கேட்டார்கள். ஒரு நாள் நான் காய்ச்சலில் போகாவிட்டால் மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. அதற்காகத்தான் போனேன். அதை இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உன் படிப்பை இதில் இழுத்து, நீயும் இதற்கு ஒரு காரணம் என்று உன் தலையில் வைக்க மாட்டேன்.

நீ எட்டாவது படித்த வருடம், கோடை லீவு முடிந்து நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டார். சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணிய பிறகு மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு வெயிலில் காய வைப்பார்கள். அந்தத் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. சரி பண்ணும்வரை தண்ணீரை விட இடமில்லை, பட்டறையை நிறுத்த வேண்டியதுதான் என்றார். "உங்க தோட்டத்துல ஒரு வறண்ட கெணறு இருக்குதாமே அக்கா? ரெண்டே மாசம். சாயம் ஒரு சொட்டு இருக்காதுங்க, வெறும் உப்புத் தண்ணிதான்." நான் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சரிங்க என்றேன். வடக்கு மூலைக்குத் தார் ரோட்டிலிருந்தே தனி வண்டித்தடம் இருந்தது. வீட்டுப் பக்கம் வராமலே டேங்கர் வந்து போனது. இரண்டு மாதம் என்றது தை வரைக்கும் நீண்டது. தண்ணீர் மட்டுமில்லை. மழையில் நனைந்து வீணான உப்பையும், கிழிந்த சாக்குகளையும், மூட்டையடியில் தங்கிய கசடையும் அதில்தான் கொட்டினார்கள். கொட்டச் சொல்லி இடம் காட்டியவள் நான்.

சித்தப்பாவின் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம். கார்த்திகையில் அவர் மாடுகள் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பின. தென்னையில் குரும்பை உதிர்ந்தது, ஓலை நுனி கருகியது. அந்த ஆவணியில்தான் சித்தப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் ஆழமாகத் துளைத்துப் போர் போட்டிருந்தார். சின்னம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போட்டார். ஒரு நாள் மத்தியானம் சின்னம்மா வேலியைத் தாண்டி என் வாசலுக்கே வந்தாள். கையில் ஒரு சொம்பு. "அக்கா, இதக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க" என்றாள். வைத்துப் பார்த்தேன். கரித்தது. "உங்க வடக்குக் கெணத்துல என்னமோ லாரில கொண்டாந்து ஊத்தறாங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" அவள் சண்டைக்கு வரவில்லை, சாமி. நான் இல்லையென்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையோடு வந்திருந்தாள். நான் சொன்னேன்: "அது பட்டறை வண்டி, எங்க தடத்துல சும்மா நிறுத்திட்டுப் போவாங்க. இந்த மண்ணுக்கு அடியிலயே உப்பு கெடக்குது. உம் புருசன் அத்தன ஆழத்துக்குப் போர் போட்டாரே, அங்கிருந்து உப்பு மேல ஏறிருச்சு." அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சொம்புத் தண்ணீரை என் வாசல் செம்பருத்தியில் ஊற்றப் போனவள், கையை நிறுத்தி, கொண்டுபோய் ரோட்டில் ஊற்றினாள்.

ஊர் முழுக்க அதையே நம்பியது. சித்தப்பாவே நம்பினார். அதுதான் கொடுமை. தன் தோட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவர் நினைத்தார். வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டீங்களா, கேட்டீங்களா என்று சின்னம்மா அவரைத் திட்டுவது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். இரண்டு வருடம் பார்த்துவிட்டு மாடுகளை விற்றார்கள், நாமக்கல்லுக்குக் குடி போனார்கள். தோட்டம் வைத்திருந்த மனுசன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கப் போனார். கிளம்புகிற அன்றைக்கு சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா இருக்கீங்க, பாத்து இருங்கக்கா" என்று சொன்னாள். அந்தக் கையை நான் உதறியிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனபின் வேலியோரம் யாரும் வரவில்லை. பட்டறையும் சில வருடத்தில் மூடிவிட்டார்கள். அக்கா என்று கூப்பிட்ட முப்பது பேரும் திருப்பூர், ஈரோடு என்று போய்விட்டார்கள். எதைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பொய்யைச் சொன்னேனோ அது ஐந்து வருடம்கூட நிற்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னால், சில நாள் ராத்திரி படுக்கிற வரைக்கும் அதுதான் நான் பேசிய ஒரே வார்த்தை. உனக்கு இதையெல்லாம் சொன்னதில்லை. ஒரு டம்ளர் அரிசி போட்டு, அதையே மறுநாளும் சாப்பிடுவேன். டிவியைப் பார்ப்பதற்காகப் போடுவதில்லை, சத்தத்துக்காகப் போடுகிறேன். நீ பரிதாபப்பட வேண்டும் என்று எழுதவில்லை. நீயும் ஆள் தெரியாத, பாஷை தெரியாத ஊருக்குத் தனியாகப் போகிறாய். தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. யாராவது நம்மைத் தேடி வந்து, நீ இல்லாமல் முடியாது என்று சொன்னால், அவர்கள் கேட்பது என்ன என்று பார்க்காமலே தலையை ஆட்டிவிடுவோம். அங்கே உன்னை யாராவது அப்படிக் கேட்டால் ஒரு நாள் டைம் கேள். ஒரே ஒரு நாள். நான் அந்த ஒரு நாளைக் கேட்கவில்லை.

கட்டுரைக்கு வேண்டியதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிணற்றில் உன் தாத்தா காலத்தில் நல்ல தண்ணீர். உன் அப்பா அதில் நீச்சல் பழகினார். வறண்டது நீ பிறந்த பிறகு. உப்பு வந்தது நீ எட்டாவது படித்த வருடத்தின் ஆனியிலிருந்து தை வரைக்கும். வந்தது சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து. அந்த உப்பு தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பு, சுத்தம் பண்ணாதது, சில மூட்டைகளில் களிமண்கூட இருக்கும். உன் பூஞ்சை அதோடு சேர்ந்து வந்ததா என்பதை நீதான் சோதித்துப் பார்க்க வேண்டும், நான் படித்தவள் இல்லை. ஆனால் எத்தனையோ காலமாகத் தனியாக இருந்தது என்று மட்டும் எழுதாதே. அது பதினைந்து வருடத்துக்கு முன்னால் லாரியில் வந்தது. என் பேரை நன்றியிலிருந்து எடுத்துவிடு. உன் கட்டுரை கெட்டுப்போனால், போகிற இடத்தில் உனக்கு இதனால் சங்கடம் வந்தால், அது என்னால் வந்தது. அதை இல்லையென்று சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. புதன்கிழமை எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு என்று பஸ் மாறி நாமக்கல் போனேன். பதினொரு மணி இருக்கும். சின்னம்மாதான் கதவைத் திறந்தாள். தலை நரைத்துவிட்டது. "அக்கா, வாங்க வாங்க, ஒரு போன் பண்ணீருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருப்பாருல்ல" என்று என் பையை வாங்கினாள். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழுந்து நின்றார். பெயின்ட் வாசத்தில் அவருக்கு இருமல் பிடித்திருக்கிறது. தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமலே சொன்னேன். உட்காரவும் இல்லை. உனக்கு மேலே எழுதியதையெல்லாம், டேங்கர், சாக்கு, சொம்புத் தண்ணீர், உன் கட்டுரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

 சித்தப்பா திரும்பி, சின்னம்மாவிடம், ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல மெல்ல, "கேட்டியா? நான் இல்லையாம்" என்றார். இன்னொரு முறையும் சொன்னார். "போருனால இல்லையாம்." அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு நான் சொம்பு கொண்டாந்தப்பவே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா."

"இத்தன வருசம் நான் இந்த மனுசன என்னென்ன பேசிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. ஒரு நாள் விட்டதில்ல. சோத்த வெச்சுட்டே பேசுவேன்."  அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை என்பதை நான் கவனித்தேன். உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சித்தப்பா இல்லையென்று தலையசைத்தார். என் தோட்டத்தைப் பற்றி, எழுதிக் கொடுப்பதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். இனி அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருமல் சத்தம் கேட்டது. சித்தப்பா செருப்புகூட மாற்றாமல், வீட்டு ரப்பர் செருப்போடு வந்திருந்தார். பக்கத்தில் வரவில்லை. நாலடி தள்ளி நின்றார்.

"அண்ணி, பையன்கிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க தம்பி."

"சொல்லீருங்க" என்றார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று மறுபடி சொன்னார். "தப்பான ஒண்ண நெசம்னு நெனச்சுட்டு இத்தன வருசம் நான் கெடந்தேன். அது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் அப்படி வேண்டாம். படிக்கற பையன்."

பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கை காட்டவில்லை. பஸ் நகரும்வரை அங்கிருந்து போகவும் இல்லை.

அம்மா